பழம்பாணும் உள்ளுடனும்

எங்கள் கல்லூரி விடுதியிலே வெள்ளிக்கிழமை இரவு உணவு பாண். நான் விடுதிப் பொறுப்பை ஏற்பதற்கு முன்னரே ஏற்பட்டுவிட்ட வழக்கம் அது. பாணுக்குப் பருப்புக்கறியும் சம்பலும். வெதுப்பகத்திலிருந்து பாண் வந்து இறங்குகிற நேரத்திலே, போறணையின் சூடு மாறாத அந்த மணம் படிப்பு மண்டபம் வரைக்கும் வரும். அப்பொழுது மாணாக்கர் கையிலே நன்னூல் இருந்தால் என்ன, நைடதம் இருந்தால் என்ன, மனம் பாணிலே இருக்கும்.

ஆயினும் வெள்ளிக்கிழமை மாலையிலே மாணாக்கரிற் பலர் வீட்டுக்குப் போய்விடுவர். யார் போவார், யார் நிற்பார் என்பது மூன்று மணி வரைக்கும் தெரியாது. வெதுப்பகத்துக்குச் சொல்லவேண்டியதோ காலையிலே. ஆகவே சனிக்கிழமை விடியும்போது நாலு றாத்தலோ ஐந்து றாத்தலோ பாண் சமையலறை மேசையிலே மிஞ்சிக் கிடக்கும். சட்டம் அதனை 450 கிராம் என்கிறது. நாங்கள் வாயால் இன்னும் றாத்தல் என்றே சொல்லிவருகிறோம். அந்தப் பாணை அயல்வீட்டுப் பசு தின்று வந்தது. பசுவுக்குக் கொடுப்பது புண்ணியந்தானே என்று நானும் இருந்துவிட்டேன்.

2022ஆம் ஆண்டு வந்தது. எரிவாயுவுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை. கோதுமை மாவின் விலை ஏற, பாணின் விலையும் உடன் ஏறிற்று. அவ்வாண்டு புரட்டாதி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றிலே, மாணாக்கர் நாலைந்து பேர் என் அறைவாசலுக்கு ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பதினாலு வயதுப் பையன். பெயர் வேண்டாம். "ஐயா, இவன் பாண் களவெடுத்துக்கொண்டு போறான்" என்றார்கள். புத்தகப் பையைத் திறந்து பார்த்தேன். கணிதக் கொப்பிக்கும் சரித்திரப் புத்தகத்துக்கும் நடுவிலே, பத்திரிகைத் தாளிற் சுற்றியபடி ஒன்றரை றாத்தல் பாண்.

விசாரணையின்றித் தீர்ப்பு வழங்குவதிலே எம்போன்ற உபாத்தியாயர்களுக்கு இணை யாருமில்லை. "எச்சிற் பாணை ஏனடா வீட்டுக்குக் காவுகிறாய்?" என்றேன்.

அவன் அழவில்லை. மெல்லச் சொன்னான்: "ஐயா, இது எச்சில் இல்லை. ஒருத்தரும் வாய் வைக்கேல்லை. மிஞ்சினது. தங்கச்சியாக்களுக்கு."

வந்தவர்கள் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. "கொண்டு போ" என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல்லும் அந்நேரம் வரவில்லை. அவன் பொதியை எடுத்து என் மேசையின் ஓரத்திலே வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டான். அன்று முழுவதும் அந்தப் பொதி மேசையிலேயே கிடந்தது. பசுவுக்குக் கொடுக்கவும் மனம் வரவில்லை.

முப்பது வருடமாகத் தமிழ் படிப்பிக்கிறவனுக்குப் பதினாலு வயதுப் பையன் ஒருவன் தமிழ் படிப்பித்துவிட்டுப் போனான். எச்சில் என்பது வாய்பட்டது. வாய்படாமல் மிஞ்சியது மிச்சில். திருவள்ளுவர் விருந்தோம்பல் என்னும் அதிகாரத்திலே மிச்சில் என்னும் சொல்லை ஆண்டிருக்கிறார். விருந்தினரை உண்பித்து, எஞ்சியதைத் தான் உண்பவனைப் பேசுமிடம் அது. அங்கே மிச்சில் இழிவன்று; வீட்டுக்காரனுக்கு அது பெருமை. இவற்றோடு ஒட்டிய மூன்றாவது சொல் ஒன்றும் உண்டு, அஃது எச்சம். இலக்கணம் படித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 'வந்த' என்றால் அது பெயரெச்சம். 'வந்து' என்றால் வினையெச்சம். தனியே நின்றால் பொருள் நிரம்பாது. தன்னை முடிக்கும் சொல் ஒன்றை அவாவி நிற்கும். குறையுண்டு; பழுதில்லை. இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அந்தக் காலையிலே வாயில் வந்த சொல் எச்சில்.

நிற்க. அடுத்த வாரம், அக்டோபர் 10ஆந் திகதி, கனடாவிலிருந்து தங்கை தொலைபேசியிற் கூப்பிட்டாள். ரொறன்ரோவிலே ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையிலே வேலை செய்கிறாள். அங்கே அக்டோபர் மாதத்து இரண்டாவது திங்கட்கிழமை நன்றிகூறும் நாள். 1957ஆம் ஆண்டிலிருந்து அந்த நாளென்று நிலைபெற்றிருக்கிறது. அறுவடைக்கு நன்றி சொல்லும் நாளாதலால் நமது தைப்பொங்கலுக்கு ஒருவகையில் இனமானது. பொங்கற்பானையின் இடத்திலே வான்கோழி.

"அண்ணா, ஸ்டஃபிங் எண்டதுக்குத் தமிழ் என்ன? மகள் கேக்கிறாள்."

எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. சொல்லைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு வருகிற வியாதி அது. "மோதகத்துக்குள்ளே பயறும் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் வைக்கிறோமே, அதற்கு அம்மா என்ன சொல்லுவா? உள்ளுடன். இந்தியாவிலே பூரணம் என்பார்கள். இரண்டிலே எதையும் சொல்லலாம், எனக்கு உள்ளுடன்தான் விருப்பம்" என்றேன். பிறகு, ஒரு பேச்சுக்காக, "அதற்குள்ளே என்ன வைக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"பழம் பாண்" என்றாள்.

என் மேசையோரத்துப் பொதி எனக்கு நினைவு வந்தது. செய்முறையைக் கேட்டேன். ஒருநாள் இரண்டுநாட் பழகிய பாணைச் சிறு சதுரங்களாக வெட்டி உலர்த்துவது; வெங்காயத்தையும் சலரித் தண்டையும் வெண்ணெயிலே வதக்குவது; சேஜ் என்னும் தழை, தைம் என்னும் தழை, மிளகு, உப்பு என்பவற்றைச் சேர்ப்பது; இறைச்சி அவித்த சாற்றையோ மரக்கறி அவித்த சாற்றையோ தெளித்துப் பிரட்டுவது; முட்டை சேர்ப்பாரும் உளர். பின்னர் அதனைப் பறவையின் வயிற்றுக்குள் அடைத்து வாட்டுவார்கள். அடைத்தால் நடுப்பகுதியும் 74 பாகை செல்சியஸ் வரை சூடேற வேண்டுமாம். இல்லையேல் பச்சை இறைச்சியின் நீர் ஊறிய பாணிலே நோய்க்கிருமி தங்கிவிடும். ஆதலால் பலர் இப்பொழுது தட்டிலே பரப்பித் தனியே வேகவைக்கிறார்கள். சைவக்காரியான என் தங்கையும் அப்படித்தான்.

இங்கே எனக்கொரு சந்தேகம். உள்ளே வைக்காத பொருளை உள்ளுடன் என்று எப்படிச் சொல்வது? அமெரிக்காவின் தென்பகுதியார் தட்டில் வேகவைத்ததற்கு வேறு பெயர் சொல்கிறார்கள் என்று தங்கை சொன்னாள். நாம் அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. ஆகுபெயர் என்று அமைதி காட்டிவிடலாம்.

விடுதிக் கதையையும் அவளுக்குச் சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது. சிறிது நேரம் பேசாமலிருந்தாள். பிறகு கேட்டாள்: "அம்மா தலையணையுறைக்குள்ள கட்டிக்கொண்டு வந்த பாண் உங்களுக்கு மறந்து போச்சே, அண்ணா?"

மறந்துதான் போயிற்று. 1995ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆந் திகதி இரவு, வலிகாமத்துச் சனங்கள் எல்லாரும் தென்மராட்சிக்குப் புறப்பட்ட இரவு, நாங்களும் புறப்பட்டோம். மழை. நாவற்குழிப் பாலத்தை நோக்கிய வீதியிலே கால் வைக்க இடமில்லை. ஐயா சைக்கிளை உருட்ட, நான் புத்தகப் பெட்டியைச் சுமந்தேன்; எவ்வளவு பெரிய அறிவாளி! அம்மா ஒரு தலையணையுறையைத் தோளிலே போட்டுக்கொண்டு வந்தா. அதற்குள்ளே, அதற்கு முந்தின கிழமைகளிலே மிஞ்சிய பாணையெல்லாம் வெட்டி வெயிலிற் காயவைத்துச் சேர்த்திருந்தா. ஒரு பள்ளிக்கூடத்து விறாந்தையிலே மூன்று நாள் நாங்கள் வெறுந்தேநீரிலே தோய்த்துத் தின்றது அதுதான். எங்கள் பாய்க்கு இரண்டு பக்கமும் இருந்த குடும்பங்களின் பிள்ளைகளும் அதனையே தின்றார்கள். புத்தகப் பெட்டியை நாலாம் நாளும் ஒருவரும் திறக்கவில்லை.

தொலைபேசியை வைத்த பிறகு நெடுநேரம் இருந்தேன். அந்தச் சனிக்கிழமையே விடுதியில் உள்ளுடன் செய்வதென்று தீர்மானித்தேன்.

முதன்முயற்சி தோல்வி. எங்கள் சமையற்காரர் அனுபவசாலி. ஆனால் பழம்பாண் போதாதென்று காலையில் வந்த புதுப்பாணில் ஒரு றாத்தலையும் சேர்த்து வெட்டிவிட்டார். நானும் சாற்றை ஒரே முறையில் ஊற்றிவிட்டேன். பழம்பாண் சதுரமாகவே நிற்க, புதுப்பாண் கரைந்து அதனைச் சுற்றிப் பசையாயிற்று. அகப்பையை நிமிர்த்தி நிறுத்திப் பார்த்துவிட்டு, "ஐயா, இது உள்ளுடன் இல்லை, களி" என்றார் அவர். மாணாக்கர் மரியாதைக்காகத் தின்றார்கள்.

ஏன் இப்படி ஆயிற்று என்று எங்கள் கல்லூரி விஞ்ஞான ஆசிரியரைக் கேட்டேன். பாண் பழசாவது உலர்ந்து போவதனால் என்றே நான் எண்ணியிருந்தேன். நீங்களும் அப்படி எண்ணியிருக்கலாம். அப்படியன்றாம். பிரான்சிய இரசாயனவறிஞர் பூசிங்கோ என்பவர், நீர் வெளியேற வழியில்லாதபடி அடைத்துவைத்த பாணும் பழசாகி இறுகிப்போவதை 1852ஆம் ஆண்டிலே காட்டினார். போறணையிலே வேகும்போது மாப்பொருள் நீரை உறிஞ்சி நெகிழ்ந்து குழைகிறது. பாண் ஆற ஆற, குழைந்த அந்த மாப்பொருள் மறுபடி ஒழுங்குபட்டு அடுக்காகி இறுகுகிறது. அந்த இறுக்கம் இருப்பதனாலேயே பழம்பாண் சாற்றைக் குடித்தும் உருக்குலையாமல் நிற்கிறது. புதுப்பாணுக்கு அந்த எலும்பு இல்லை. மீண்டும் சூடாக்கினால் இறுக்கம் தளர்ந்து, சிறிது நேரத்துக்குப் பழம்பாண் புதுப்பாணாகும். நம் வீடுகளிலே பழம்பாணைத் தோசைக்கல்லிற் போட்டு வாட்டித் தின்கிற இரகசியம் இதுதான். இன்னொரு செய்தி: குளிர்சாதனப் பெட்டியின் குளிரிலே பாண் விரைந்து பழசாகிறது, உறைய வைத்தால் மாத்திரமே அம்மாற்றம் நின்றுவிடுகிறது. பாணைப் பாதுகாப்பதாக எண்ணிப் பெட்டிக்குள்ளே வைத்தவர்கள் அதனைக் கிழவனாக்கிக்கொண்டிருந்தார்கள்.

சதுரத்தின் அளவும் முக்கியம். பொடியாக உதிர்த்தால் குழம்பும். பெரிதாக வெட்டினால் நடு ஊறாது. அமெரிக்காவிலே மனைப்பொருளியல் கற்ற ரூத் சீம்ஸ் என்னும் பெண்மணி, ஜெனரல் ஃபூட்ஸ் என்னும் உணவுக் கம்பனியிலே பணிபுரிந்தபோது, கொதிநீர் விட்டவுடன் ஆயத்தமாகும் பெட்டி உள்ளுடனை உருவாக்கிய குழுவில் முன்னின்றார். அது 1972இல் விற்பனைக்கு வந்தது. காப்புரிமை 1975இலே கிடைத்தது. அந்தக் காப்புரிமையின் சாரமே பாண் துணிக்கை எந்த அளவினதாக இருக்கவேண்டும் என்பதுதான்! நம்மவர் இதனைக் கேட்டுச் சிரிப்பர். யாப்பிலே மாத்திரைக்குக் கணக்குப் பார்க்கிற நான் சிரிக்கவில்லை.

இரண்டாம் சனிக்கிழமை கவனமாகச் செய்தோம். வியாழக்கிழமைப் பாணும் வெள்ளிக்கிழமைப் பாணுமாக இரண்டு றாத்தல். மேற்பொருக்கை நீக்காமல் அரை அங்குலச் சதுரமாக வெட்டி, சுளகிலே பரப்பி, வெயிலிலே காயவிட்டோம். பூஞ்சணம் பிடித்த பாண் ஒன்றிருந்தது. அதனை முழுவதுமாக எறிந்தோம். பூத்த இடத்தை வெட்டிவிட்டு மற்றதைத் தின்னலாம் என்று சொல்வார் சொல்லைக் கேட்கக்கூடாது. கண்ணுக்குத் தெரியாத இழை உள்ளே ஓடியிருக்கும்.

சேஜுக்கும் தைமுக்கும் நாங்கள் எங்கே போவது? கறிவேப்பிலை இரண்டு நெட்டு, பெருஞ்சீரகம் ஒரு தேக்கரண்டி, நாலைந்து பல் உள்ளி, ஆறு செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம் கால் கிலோ. சலரி கிடைத்தது, சந்தையிலே ஒரு கட்டு வாங்கினோம். எல்லாவற்றையும் நல்லெண்ணெயிலே வெங்காயம் பொன்னிறமாகும்வரை வதக்கி, காய்ந்த பாணைக் கொட்டி, எண்ணெய் எல்லாச் சதுரத்திலும் படும்படி முதலிற் பிரட்டினோம். அதன் பிறகே சாறு. கரற்றும் லீக்சும் அவித்த நீர் முக்கால் லீற்றர். அதனையும் ஒரே தரத்திலன்று, ஒரு அகப்பை விட்டுப் பிரட்டி, அது ஊறிய பின்னர் மறு அகப்பை. கையில் எடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்கவேண்டும். விரலைத் தளர்த்தினால் சதுரங்கள் தனித்தனியே தெரியவேண்டும். முட்டைக்குப் பதிலாக அவித்த உருளைக்கிழங்கு இரண்டை மசித்துச் சேர்த்தோம். இறக்கியபின் தேசிக்காய்ப் புளி.

போறணை எங்களுக்கு இல்லை. எரிவாயுவும் இல்லை, விறகடுப்பு. ஆகவே தட்டிலே வேகவைக்கும் முறையைக் கைவிட்டு, ஆகுபெயரையும் கைவிட்டு, உள்ளுடனை உண்மையான உள்ளுடனாகவே ஆக்கினோம். பெரிய கறிமிளகாயாகப் பார்த்து வாங்கி, ஒரு பக்கம் கீறி, விதையை நீக்கி, உள்ளே அடைத்துத் தாச்சியிலே சிறிது எண்ணெய் விட்டு மூடி, மெல்லிய நெருப்பிலே புரட்டிப் புரட்டி வாட்டினோம். மிளகாயின் தோல் ஆங்காங்கே கறுத்துச் சுருங்கியது. பிளந்த வாயிலே நின்ற பாண் முறுகியது. ஆளுக்கு ஒன்றாக வைத்துப் பரிமாறினோம். "இன்னும் இருக்கோ?" என்ற கேள்வி மூன்றாம் வாங்கிலிருந்து வந்தபோது, சமையற்காரர் என்னைப் பார்த்த பார்வையிலே களியைப் பற்றிய ஞாபகம் எதுவும் இல்லை.

உண்டு முடிந்த பின் எனக்கு வேறொரு எண்ணம் ஓடிற்று. பாண் என்பது போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். போறணையும் அவர்கள் மொழிவழி வந்ததே. 1619இலே யாழ்ப்பாண இராச்சியம் அவர்கள் கைக்குப் போயிற்று; அவர்களும் பின்னாளிலே போய்விட்டார்கள்; சொற்கள் நின்றுவிட்டன. அந்தப் போர்த்துக்கல்லின் தென்பகுதியிலே, அலென்தேஜோ என்னும் வறண்ட நாட்டிலே, இறுகிப்போன பாணை உள்ளியும் கொத்தமல்லித் தழையும் ஒலிவெண்ணெயும் கலந்த கொதிநீரிலே இட்டு அசோர்டா என்றொரு உணவு செய்கிறார்கள். இத்தாலியர் பழம்பாணைத் தக்காளியோடு சேர்ப்பர். ஜெர்மானியர் உருண்டை பிடித்து அவிப்பர். ஸ்பானியர் உதிர்த்து எண்ணெயில் வறுப்பர். பாணை நாம் வாங்கிக்கொண்டோம், பழம்பாணை வாங்கிக்கொள்ளவில்லை. சோற்றுக்கு நமக்குப் பழஞ்சோறு என்று ஒரு சொல்லும் ஒரு சுவையும் இருக்கின்றன. ஆனால் பாணுக்கு அப்படி ஒன்று அமையவில்லை. மிஞ்சினால் பசுவுக்கு, அல்லது காகத்துக்கு. கட்லட்டின் மேலே தூவுகிற தூளாகவும் ரஸ்க்காகவும் அது சில இடங்களிற் பிழைத்திருக்கிறது, அவ்வளவே. நாலு நூற்றாண்டு பழகியும் அதனை இன்னும் விருந்தாளியாகவே வைத்திருக்கிறோம் போலும்.

இவ்வளவும் சொல்லி, சொல்லவேண்டியதைத் தள்ளிப்போடுகிறேன்.

அதற்கடுத்த திங்கட்கிழமை அந்தப் பையனுடைய வகுப்பிலே எனக்கு இலக்கணம். பாடம் எச்சம். நான் திட்டமிட்டு வைத்த பாடமன்று. ஒழுங்கிலே வந்த பாடம். கரும்பலகையிலே எச்சில், மிச்சில், எச்சம் என்று மூன்று சொல்லையும் எழுதினேன். மூன்று சனிக்கிழமைக்கு முன்பு என் அறைவாசலிலே நான் சொன்ன சொல் பிழை என்றும், அவன் திருத்திய சொல்லே சரி என்றும், அவன் பெயரைச் சொல்லி, எல்லாரும் கேட்கும்படி சொன்னேன். அன்று அவனைப் பிடித்து வந்தவர்களும் அங்கே இருந்தார்கள். அவன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மன்னிப்புக் கேட்பது எனக்குப் பழக்கமில்லாத தொழில். குரல் ஒழுங்காக வரவில்லை.

சிறிது நேரங்கழித்து அவன் கையை உயர்த்தினான்.

"ஐயா, எச்சிலுக்கும் எச்சத்துக்கும் அடி ஒண்டோ?"

ஒன்றுதான். இரண்டும் எஞ்சு என்னும் அடியிலே பிறந்தவை. எஞ்சியது எச்சம்; வாய்பட்டு எஞ்சியது எச்சில் என்று பின்னர் வழக்கிலே ஒதுங்கிவிட்டது. "அடி ஒன்றுதான், தம்பி, வழக்குத்தான் வேறு" என்றேன். "அப்ப ஐயா சொன்னதும் முழுப்பிழை இல்லை" என்றான். என்னைக் காப்பாற்றுவதற்காகவே அக்கேள்வியைக் கேட்டானோ, உண்மையாகவே அறியவேண்டிக் கேட்டானோ என்பது இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை.

அதன்பின் சனிக்கிழமைகளிலே வீட்டுக்குப் போகிற மாணாக்கர், வேண்டுமானால் மிஞ்சிய பாணைச் சமையற்காரரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போகலாம் என்று ஒழுங்கு செய்தோம். ஒருவர் கேட்டால் ஒருவர் பார்ப்பார் என்னும் கூச்சத்துக்காக, தாளிற் சுற்றிக் கதவடியிலே வைத்துவிடுவது வழக்கமாயிற்று. வெதுப்பகத்துக்குச் சொல்லும் கணக்கையும் திருத்திக்கொண்டோம். வெள்ளிக்கிழமை காலையில் வகுப்புத் தலைவர்கள் வீட்டுக்குப் போவோர் பெயரைத் தருகிறார்கள். அதற்கேற்பவே பாண் வருகிறது. ஆகவே இப்பொழுது அநேகமாக ஒன்றும் மிஞ்சுவதில்லை. பசுவின் சொந்தக்காரருக்கு என்மேல் வருத்தம்.

சமையற்காரருக்கும் வருத்தம். மாணாக்கர் மாதம் ஒருமுறை கறிமிளகாய் உள்ளுடன் கேட்கிறார்கள், பழம்பாண் இல்லை, என்ன செய்வது, ஐயா, என்று வந்து நின்றார். வியாழக்கிழமையே இரண்டு றாத்தல் கூடுதலாக எடுத்து, பழசாகும்படி எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.